ஐந்நடை வேறு, ஐம்பூதம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சீன மருத்துவம் பற்றிய தொடரின் முதல் பகுதி வெளிவந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். தலைமுறை தலைமுறையாகச் சீனர்களோடு ஒரே தெருவில் வாழ்ந்துவரும் நமக்கு, அவர்களுடைய சிந்தனையைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது மிகக் குறைவு. அந்தக் குறையைப் போக்க ஒருவர் முன்வந்ததே பாராட்டத்தக்கது. ஆனால் கட்டுரையின் நடுவே கட்டம் போட்டு அச்சிட்டிருந்த அட்டவணையைப் பார்த்ததும் மனம் வருந்தியது. சீனர்களின் ‘வூ சிங்’ (ஐந்து நடைகள்) கோட்பாடும் நம்முடைய பஞ்சபூதக் கோட்பாடும் ஒன்றே என்று கூறும் கட்டுரையாளர், நெருப்புக்கு நெருப்பு, மண்ணுக்கு நிலம், நீருக்கு நீர், உலோகத்துக்குக் காற்று, மரத்துக்கு ஆகாயம் என்று எதிரெதிரே எழுதிக் காட்டியிருந்தார். இது அவர் ஒருவருடைய பிழையன்று. தமிழில் அக்குபங்சர் கற்பிக்கும் நூல்கள் சிலவற்றிலும் வகுப்புகளிலும் இந்த இணைப்பு வெகுநாளாக வழங்கிவருகிறது. கேட்பவருக்கு உடனே பிடிபட்டுவிடுகிறது என்பதால் யாரும் அதை நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியை என்ற முறையில் அந்தக் கேள்வியை நான் கேட்க விரும்புகிறேன்.

வெறும் சொற்பிழைதானே என்று விட்டுவிட முடியாமல் போனதற்கு என் குடும்பத்தில் நடந்த ஒன்று காரணம். என் நாத்தனாருக்கு இதயம் பலவீனமானது. நாளொன்றுக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் எந்த வடிவிலும் நீர் உள்ளே போகக் கூடாது என்று இதய மருத்துவர் அளவு குறித்துக் கொடுத்திருந்தார். முழங்கால் வலிக்காக அவர் போய்வந்த ஒரு சிகிச்சை நிலையத்தில் நாடி பார்த்தவர், “உங்களுக்கு நீர்ப்பூதம் குறைந்துவிட்டது, அதனால்தான் சிறுநீரகமும் எலும்பும் தளர்ந்திருக்கின்றன” என்று சொல்லி, தாங்கள் அச்சிட்டது போன்ற ஓர் அட்டவணையையும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நீர் குறைந்துவிட்டது என்று கேட்ட ஒரு தமிழ்ப் பெண்மணி என்ன செய்வார்? அட்டவணையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்துவிட்டு, காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு என்று கூடுதலாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார். பத்தாம் நாள் பாதங்கள் வீங்கிச் செருப்பில் நுழையவில்லை. பன்னிரண்டாம் நாள் இரவு படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்தவரை நாங்கள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிகிச்சையளித்தவர் தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை என்பதை நான் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அவர் பயன்படுத்திய சொல் குடிக்கச் சொன்னது.

சீன மருத்துவத்தில் ‘சிறுநீரக நீர் குறைவு’ என்பது குடிக்கும் தண்ணீரின் குறைவைக் குறிப்பதே இல்லை. அங்கே ‘நீர்’ என்பது அடங்கிச் சேமிக்கும் ஒரு போக்கு: குளிர்காலத்தில் விதை மண்ணுக்குள் காத்திருப்பது போல, உயிரின் சாரத்தை உடல் உள்ளே காத்துவைத்திருக்கும் நிலை. அந்தக் காப்பு தளர்வதையே அந்தச் சொல் சுட்டுகிறது. பொருளாகக் கேட்டால் ஒன்று. போக்காகக் கேட்டால் வேறொன்று. நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வந்தது முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இதை எனக்கு முதன்முதலில் காட்டியவர் எந்த நூலாசிரியரும் அல்லர். ஜார்ஜ் டவுனில் கேம்பல் தெருவுக்கு அருகில் நாங்கள் குடியிருந்த நாளில், எங்கள் வீட்டுக்கு இரண்டு கடை தள்ளி ஒரு சீன மருந்துக்கடை இருந்தது. சுவரை மறைத்து நின்ற அலமாரியில் உள்ளங்கை அகல இழுப்பறைகள் நூற்றுக்கு மேல் இருக்கும். கடைக்காரரே சின்சேயும், அதாவது சீன வைத்தியரும், ஆவார். தந்தக் கோலில் தொங்கும் சின்னஞ்சிறு தராசில் வேரையும் பட்டையையும் நிறுத்து, இளஞ்சிவப்புத் தாளில் மடித்துக் கொடுப்பார். அப்பா அவரைத் ‘தவுக்கே’ (முதலாளி) என்று அழைப்பார். இருவருக்கும் பொதுவான மொழி சந்தை மலாய்தான். பள்ளியில் அறிவியல் பாடத்தில் தனிமங்களைப் படித்துக்கொண்டிருந்த நான், கடைச் சுவரில் தொங்கிய ஐந்து வண்ணப் படத்தைக் காட்டி, மரம் எப்படி ஒரு மூலப்பொருளாக இருக்க முடியும் என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கணக்குத் தாளின் பின்புறத்தில் ஓர் எழுத்தை எழுதி, அதைத் தட்டித் தட்டிச் சொன்னார்: “பூக்கான் பாராங். ஜாலான்.” பொருள் அல்ல, நடை.

மலாயில் ‘ஜாலான்’ என்றால் பாதை, நடப்பதும் அதுவே. அவர் எழுதிய ‘சிங்’ என்ற எழுத்தும் அப்படிப்பட்டதுதான். ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் கீறப்பட்ட, 3000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான சீன எழுத்துகளில் இந்த எழுத்து ஒரு நாற்சந்தியின் படம். அதிலிருந்து ‘செல்லுதல்’, ‘செயற்படுதல்’, ‘ஒழுகுதல்’ என்று பொருள் விரிந்தது. நம் ‘பூதம்’ என்ற சொல்லோ, அதன் வடமொழி வேரில், ‘உண்டானது, இருப்பது’ என்று பொருள்படுவது. ஒன்று நடப்பதைச் சொல்கிறது. மற்றொன்று இருப்பதைச் சொல்கிறது. இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் எதிரெதிரே நிறுத்தினால் இரண்டுமே கெடும்.

ஐந்தையும் பட்டியலிடும் பழைய சீன நூல்களில் முதன்மையானது ‘ஷாங் ஷு’ என்னும் தொகுப்பிலுள்ள ‘பேரொழுங்கு’ என்ற பகுதி. வீழ்ந்த ஷாங் அரசின் பெருங்குடிமகனான ஜீ ட்ஸு, வென்ற சோவ் மன்னன் வூவுக்கு ஆட்சிமுறையை எடுத்துரைப்பதாக அது அமைந்துள்ளது. அங்கே ஐந்தும் எப்படிச் சொல்லப்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். நீர் என்பது நனைத்துக் கீழிறங்குவது. நெருப்பு என்பது எரிந்து மேலெழுவது. மரம் என்பது வளைவதும் நிமிர்வதும். உலோகம் என்பது பணிந்து உருமாறுவது. மண் என்பது விதைக்கவும் அறுக்கவும் இடம் தருவது. நீர் எதனால் ஆனது, நெருப்பு எதனுள் இருக்கிறது என்ற கேள்வியே அங்கு எழவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை சொல்லப்படுகிறது. அதற்கடுத்த வரியிலேயே கீழிறங்குவது உவர்ப்பையும், மேலெழுவது கசப்பையும், வளைந்து நிமிர்வது புளிப்பையும், பணிந்து மாறுவது காரத்தையும், விதைத்து அறுப்பது இனிப்பையும் தரும் என்று சுவைகளும் அந்த வினைகளோடுதான் பிணைக்கப்படுகின்றன.

நம் மரபு இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்குகிறது. ‘நிலம் தீ நீர் வளி விசும்போடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம் ஆதலின்’ என்று தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. ‘கலந்த மயக்கம்’ என்ற இரண்டு சொற்களைச் சற்று நின்று பார்க்க வேண்டுகிறேன். உலகம் ஒரு கலவை. ஐந்தும் அந்தக் கலவையின் கூறுகள். நம் சித்த மருத்துவம் சுவையைச் சொல்லும்போதும் அந்தக் கணக்கையே போடுகிறது: மண்ணும் நீரும் கூடினால் இனிப்பு, மண்ணும் தீயும் கூடினால் புளிப்பு என்று இரண்டிரண்டு பூதங்களின் கூட்டாக ஆறு சுவைகள் பிறக்கின்றன. சீனரிடம் சுவை ஐந்தே. நம்முடைய துவர்ப்புக்கு அவர்கள் பட்டியலில் தனியிடம் இல்லை. ஒரு சுவை இரண்டு ‘சிங்’ சேர்ந்து பிறப்பதாக அந்தப் பட்டியல் சொல்வதும் இல்லை. கலவையால் உலகத்தை விளக்கும் அறிவும், போக்கால் உலகத்தை விளக்கும் அறிவும் தத்தம் அளவில் பெரியவை. ஒன்றை மற்றொன்றின் மொழிபெயர்ப்பாகக் காட்டுவது இரண்டுக்கும் இழைக்கும் அநீதி.

அட்டவணையில் செய்த மாற்றம் கோட்பாட்டை எப்படி முறிக்கிறது என்பதை யாரும் வீட்டிலிருந்தே சோதித்துப் பார்க்கலாம். ஐந்து நடைகளும் இரண்டு வட்டங்களில் சுழல்கின்றன. ஒன்று பெற்று வளர்க்கும் வட்டம்: மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பு சாம்பலாகி மண்ணாகும், மண் தன் வயிற்றில் உலோகத்தைப் பெறும், உலோகம் நீரைத் தரும், நீர் மரத்தை வளர்க்கும். உலோகம் எப்படி நீரைத் தரும் என்று கேட்பவர்களுக்கு, உருக்கினால் நீராக ஓடுகிறது என்றும், இரவில் திறந்த வெளியில் வைத்த உலோகத் தட்டில் பனி கோக்கிறது என்றும் பழையவர்கள் விளக்கம் சொன்னார்கள். மற்றொன்று அடக்கும் வட்டம்: மரம் வேரோடி மண்ணைப் பிளக்கும், மண் கரையாகி நீரைத் தடுக்கும், நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் கோடரியாகி மரத்தை வெட்டும். இப்போது உலோகத்தின் இடத்தில் காற்றையும் மரத்தின் இடத்தில் ஆகாயத்தையும் வைத்துப் பாருங்கள். ஆகாயம் நெருப்புக்கு விறகாகுமா? மண் காற்றைப் பெறுமா? காற்று ஆகாயத்தை வெட்டுமா? நீர் ஊற்றி ஆகாயத்தை வளர்க்க முடியுமா? ஐந்தில் இரண்டை மாற்றியதும் இரண்டு வட்டங்களும் அறுந்துவிடுகின்றன. நம் மரபில் பூதங்கள் ஆகாயத்திலிருந்து காற்று, காற்றிலிருந்து தீ, தீயிலிருந்து நீர், நீரிலிருந்து மண் என்று ஒரே திசையில் இறங்கி வருகின்றன. அது நுண்மையிலிருந்து பருமைக்கு இறங்கும் படிக்கட்டு. அதைச் சக்கரமாகச் சுழற்ற முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சீன மருத்துவத்தின் அடிப்படை நூலாகிய ‘ஹுவாங்டி நெய்ஜிங்’, காற்றை ஏற்கனவே ஓரிடத்தில் வைத்துவிட்டது. அந்த இடம் உலோகம் அன்று, மரம். அந்நூலின் ‘சூ வென்’ பகுதி, கிழக்கு காற்றைப் பிறப்பிக்கிறது, காற்று மரத்தை, மரம் புளிப்பை, புளிப்பு கல்லீரலை, கல்லீரல் தசைநார்களைப் பிறப்பிக்கிறது என்று சங்கிலி கோத்துச் சொல்கிறது. வசந்தமும் பசுமையும் கண்ணும் சினமும் அந்த வரிசையில் சேர்ந்தவை. உலோகத்துக்கு உரியது வறட்சி. அதோடு மேற்கு, இலையுதிர்காலம், வெண்மை, காரம், நுரையீரல், தோல், மூக்கு, துயரம். தலைசுற்றல், நடுக்கம், வலிப்பு போன்றவற்றைச் சீன மருத்துவர் ‘கல்லீரல் காற்று’ என்று மரத்தின் கணக்கில்தான் எழுதுவார். பக்கவாதத்துக்கு அவர்கள் வைத்த பெயரே ‘காற்றுத் தாக்கு’ என்பதுதான். நாமும் அதை வாதம் என்றே சொல்கிறோம். இரு மரபுகளும் உண்மையாகவே கைகோக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. அந்த அட்டவணையை நம்பிப் படிக்கும் மாணவர், காற்று என்றதும் உலோகத்தின் கீழுள்ள நுரையீரலைத் தேடிப் போவார். சீன நூலோ அவரைக் கல்லீரலில் நிற்கச் சொல்கிறது. மூச்சு காற்று, ஆகவே நுரையீரல் காற்று, ஆகவே உலோகம் காற்று என்ற எளிய தருக்கம் அவரை நேர் எதிர்த்திசையில் அனுப்பிவிடுகிறது.

‘இந்தியப் பூதங்களும் சீன நடைகளும் ஒன்றுதான்’ என்று சீனர்களே கருதியிருந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். பௌத்த நூல்களைச் சீனமாக்கிய பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்தக் கேள்வி நேருக்கு நேர் வந்தது. நிலம், நீர், தீ, காற்று என்ற மகாபூதங்களை மொழிபெயர்க்க, தங்களிடம் ஆயத்தமாக இருந்த ‘சிங்’ என்ற சொல்லை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ‘நான்கு பெரியவை’ என்று புதிய சொல்லை ஆக்கினார்கள். கி.பி. 671இல் குவாங்சோவிலிருந்து கப்பலேறி, ஸ்ரீவிஜயம் வந்து, நமக்கு மிக அருகிலுள்ள கெடாவில் தங்கி, பின்னர் நாலந்தாவில் பத்தாண்டுகள் படித்த இட்சிங் என்ற துறவியை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். தென்கடல் நாடுகளிலிருந்து எழுதி 692இல் தம் நாட்டுக்கு அனுப்பிய நூலில் அவர் இந்திய மருத்துவத்தையும் விளக்குகிறார். நோய்கள் நான்கு பெரியவற்றின் பிறழ்ச்சியால் வருகின்றன என்று எழுதும் அவர், பித்தத்தையும் வாதத்தையும் சீன எழுத்தில் ஒலிபெயர்த்தே தருகிறார். தம் நாட்டின் ஐந்து நடைகளுக்குள் அவற்றைத் திணிக்கவில்லை. இரண்டு மருத்துவங்களையும் அறிந்த ஒருவர் 1300 ஆண்டுகளுக்கு முன் காட்டிய அந்தப் பொறுப்புணர்வை நாம் ஏன் கைவிட வேண்டும்?

நாம் செய்யும் பிழையை 400 ஆண்டுகளுக்கு முன்பே செய்தவரும் ஒருவர் உண்டு. 1582இல் சீனக் கரையிலுள்ள மக்காவு நகருக்கு வந்து, 1610இல் பெய்ஜிங்கில் மறைந்த இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி, தம் நாட்டில் கற்ற நான்கு மூலப்பொருள் கோட்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு சீனரின் ஐந்தை அளந்தார். மரமும் உலோகமும் பிற பொருள்கள் கலந்து உண்டானவை. அவற்றை எப்படி மூலப்பொருள் என்பது? எங்கும் நிறைந்த காற்று ஏன் பட்டியலில் இல்லை? ஆகவே சீனரின் கணக்கு தவறு என்று அவர் முடிவு கட்டினார். ஒரு மூலப்பொருள் பட்டியலாகப் படித்தால் அவர் கேட்டது நியாயமே. ஆனால் அது மூலப்பொருள் பட்டியல் அன்று. ரிச்சி சீனரைத் திருத்தப் பார்த்தார். நம்மவர்கள் அன்போடு அவர்களை நம்மவராக்கப் பார்க்கிறார்கள். நோக்கம் வேறு, விளைவு ஒன்றுதான்.

இவை நடைகளே, பொருள்கள் அல்ல என்பதற்கு மருத்துவத்தைவிடத் தெளிவான சான்று சீன அரசியலில் இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சீ நாட்டில் வாழ்ந்த ஸோ யான் என்ற அறிஞர், அரசமரபுகள் ஒன்றையடுத்து ஒன்று வருவதும் இந்த ஐந்தின் வரிசைப்படியே என்று கற்பித்தார். மஞ்சள் பேரரசருக்கு மண், சியா மரபுக்கு மரம், ஷாங்குக்கு உலோகம், சோவுக்கு நெருப்பு. ஆகவே நெருப்பை அணைக்கும் நீரே அடுத்து வரவேண்டும். கி.மு. 221இல் சீனம் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த சின் பேரரசர் அந்த நீரைத் தமக்கென எடுத்துக்கொண்டார். உடையும் கொடியும் கறுப்பாயின. நீரின் எண்ணாகிய ஆறே அளவாயிற்று: தொப்பி ஆறு அங்குலம், வண்டி ஆறடி, வண்டிக்குக் குதிரைகள் ஆறு. மஞ்சள் ஆற்றுக்கே ‘அறநீர்’ என்று பெயர் மாற்றினார்கள் என்று வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதிவைத்திருக்கிறார். பின்வந்த ஹான் மரபு கி.மு. 104இல் மண்ணுக்கு மாறியது. நூறாண்டுக்கு மேல் கழித்து, கி.பி. 26இல் நெருப்புக்கு மாறியது. அப்போது தலைநகரான லுவோயாங்கின் பெயரை எழுதும் எழுத்தில் நீரைக் குறிக்கும் மூன்று புள்ளிகள் கொண்ட பகுதி இருந்ததால், நெருப்பு மரபின் தலைநகருக்கு நீர் ஆகாது என்று அதை நீக்கிவிட்டு வேறு எழுத்தால் எழுதினார்கள். அடுத்து வந்த வெய் மரபு பழைய எழுத்தை மீட்டது. ஓர் எழுத்தின் மூன்று புள்ளிகளுக்காக ஓர் அரசு இத்தனை கவலைப்பட்டிருக்கிறது. ஹான் பேரரசு நெருப்பால் ஆனது என்று எந்தச் சீனரும் நினைத்ததில்லை. அது உச்சத்தில் எரியும் ஒரு கட்டம், பிறகு தணிந்து மற்றொன்றுக்கு வழிவிடும் என்றே நினைத்தார்கள்.

மருத்துவத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு நெடுநாள் இருமல் இருந்தது. தவுக்கேயிடம் போய் நாக்கை நீட்டிக் காட்டி, இரண்டு கைகளிலும் நாடி கொடுத்து, மருந்துப் பொட்டலங்களோடு வீடு திரும்பியவர், “இருமலுக்குப் போனால் வயிற்றுக்கு மருந்து கட்டிக் கொடுக்கிறான்” என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். பொட்டலத்தைப் பிரித்தபோது காய்ந்து கறுத்த ஆரஞ்சுத் தோல், வெண்ணிறத் துண்டுகளாக ஒரு வகைக் காளான், அதிமதுரம், பெயர் தெரியாத வேர்கள் எல்லாம் இருந்தன. பல ஆண்டுகள் கழித்தே எனக்குக் காரணம் விளங்கியது. ‘நான் ஜிங்’ என்னும் 81 வினா விடைகள் கொண்ட பழைய நூல், தளர்ந்திருந்தால் தாயைத் தேற்று, மிஞ்சியிருந்தால் பிள்ளையை வடி என்று விதி சொல்கிறது. நுரையீரல் உலோகம், உலோகத்தின் தாய் மண், மண்ணுக்குரியவை மண்ணீரலும் இரைப்பையும். பசியும் செரிமானமும் தேறினால் நுரையீரல் தானே தேறும் என்பதே அந்தப் பொட்டலத்தின் கணக்கு. இதற்குச் சீன மருத்துவர்களிடையே ‘மண்ணை வளப்படுத்திப் பொன்னைப் பெறுதல்’ என்ற வழக்கே உண்டு. உலோகத்தைக் காற்றாக்கிவிட்டால் இந்தத் தாய் பிள்ளை உறவையே விளக்க முடியாமல் போகும். அப்பாவின் இருமல் குறைந்ததா என்றால், குறைந்தது. மருந்தால் குறைந்ததா, அந்த மாதமே அவர் சுருட்டை விட்டதால் குறைந்ததா என்று என்னால் உறுதி சொல்ல இயலாது; அதைச் சொல்லாமல் மறைப்பது சரியன்று.

இந்தக் கோட்பாட்டைக் கண்மூடி ஏற்க வேண்டும் என்பது என் கருத்தன்று. சீனத்திலேயே அதை ஏற்காதவர்கள் தொடக்கம் முதல் இருந்திருக்கிறார்கள் என்பதைத் தொடரின் அடுத்த பகுதிகளில் கட்டுரையாளர் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். ஐந்துக்குள் நிலையான வெற்றி தோல்வி கிடையாது, நெருப்பு மிகுதியாக இருந்தால்தான் உலோகம் உருகும், உலோகம் மிகுதியானால் கரிதான் தீர்ந்துபோகும் என்று மோட்ஸு என்ற பண்டைச் சீனச் சிந்தனையாளரின் வழிவந்தவர்கள் மறுத்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் சோங் என்பவர், பன்னிரு விலங்குகளையும் ஐந்துக்குள் அடக்கியிருந்தவர்களைப் பார்த்து, நீர் நெருப்பை வெல்லும் என்றால் நீருக்குரிய எலி ஏன் நெருப்புக்குரிய குதிரையைத் துரத்தவில்லை, உலோகம் மரத்தை வெல்லும் என்றால் சேவல் ஏன் முயலைக் கொத்தவில்லை என்று கேட்டார்.

உறுப்புகளின் இடமும் தொடக்கத்திலேயே கல்லில் செதுக்கிய மாதிரி நிலைத்துவிடவில்லை. கி.பி. 100இல் சூ ஷென் தொகுத்த அகராதியில் ‘இதயம்’ என்ற சொல்லுக்கு, ‘உடலின் நடுவிலுள்ள மண் உறுப்பு, அரசவைப் புலவர்கள் இதை நெருப்பு உறுப்பு என்பர்’ என்று இரண்டு கொள்கைகளும் பதிவாகியிருக்கின்றன. பழைய மரபொன்றில் மண்ணீரல் மரத்துக்கும், நுரையீரல் நெருப்புக்கும், கல்லீரல் உலோகத்துக்கும் உரியவை; சிறுநீரகம் மட்டுமே இரண்டிலும் நீர். அடுத்த நூற்றாண்டில் ஜெங் சுவான் என்ற உரையாசிரியர் சூ ஷென்னை மறுத்து எழுதும்போது நூல் மேற்கோளைவிட மருத்துவரின் அனுபவத்தையே துணைக்கு அழைக்கிறார்: கல்லீரலை மரமாகவும் இதயத்தை நெருப்பாகவும் கொண்டு மருத்துவம் செய்தால் நோயாளி தேறுகிறான், மாற்றிச் செய்தால் சாகாவிட்டாலும் மோசமாகிறான் என்பது அவர் வாதம். இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். இன்று அட்டவணையாக அச்சிட்டுச் சுவரில் மாட்டும் ஒன்று, ஒரு காலத்தில் கற்றவர்கள் முகத்துக்கு முகம் நின்று வாதிட்ட பொருளாக இருந்திருக்கிறது. 1973இல் ஹுனான் மாநிலத்து மவாங்துவெய் கல்லறையிலிருந்து எடுத்த, கி.மு. 168க்கு முந்தைய பட்டுச்சுவடிகளோ உடலில் பதினொரு நாளங்களைச் சொல்கின்றன. அவற்றை ஐந்துக்குள் அடக்கும் ஏற்பாடு அங்கே இல்லை. மருத்துவம் முதலில் வந்து, ஐந்து நடைகள் பிறகு அதனுள் குடியேறின என்று எண்ண இடமிருக்கிறது.

நவீன காலத்தில் இந்த வழக்கு மறுபடியும் திறக்கப்பட்டது. ஜப்பானில் மேலை மருத்துவம் பயின்று திரும்பிய யூ யுன்சியூ, 1917இல் நெய்ஜிங்கை வரிக்கு வரி தாக்கி ஒரு நூல் எழுதினார். அதில் சொல்லப்படும் கல்லீரலும் மண்ணீரலும் அறுவை மேசையில் காணும் உறுப்புகளோடு பொருந்தவில்லை என்பது அவருடைய முதன்மைக் குற்றச்சாட்டு. 1922இல் ஷாங்காயிலிருந்து அதற்கு விடை எழுதிய மருத்துவர் யுன் தியேசியாவ், நெய்ஜிங்கின் ஐந்து உறுப்புகள் இரத்தமும் சதையுமான உறுப்புகள் அல்ல, அவை பருவங்களின் உறுப்புகள் என்றார். ஒரே வரியில் சொன்ன இந்த விடைக்கு மேல் தெளிவான ஒன்றை நான் படித்ததில்லை. கல்லீரல் என்று அந்நூல் சொல்லும்போது வசந்தத்தின் துளிர்ப்பு உடலில் நடப்பதைச் சொல்கிறது; சிறுநீரகம் என்னும்போது குளிர்காலத்தின் சேமிப்பைச் சொல்கிறது. இதை உணர்ந்த சீன மருத்துவர், ‘உங்கள் சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது’ என்று சொல்வதோடு நிறுத்தாமல், உங்கள் இரத்தப் பரிசோதனையில் வரும் சிறுநீரகத்தைப் பற்றி நான் பேசவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வார். எங்கள் நாத்தனாருக்கு அந்தக் கூடுதல் வாக்கியம் கிடைத்திருந்தால் அந்தப் பன்னிரண்டாம் இரவு வந்திருக்காது.

ஆகவே என் வேண்டுகோள்கள் சில. ‘வூ சிங்’ என்பதைத் தமிழில் ‘ஐந்நடை’ என்று எழுதலாம். நடை என்ற நம் சொல் நடப்பதையும் ஒழுகுவதையும் ஒருங்கே குறிப்பது; ‘சிங்’ என்ற எழுத்தும் அவ்விரண்டையும் குறிக்கிறது. அது புதிதாகத் தோன்றினால் ‘ஐந்து இயக்கங்கள்’ என்றாவது எழுதலாம். ஐம்பூதம், பஞ்சபூதம் என்ற சொற்களை நம்முடைய கோட்பாட்டுக்கே விட்டுவிட வேண்டும். உலோகத்தைக் குறிக்கச் சீனர் எழுதும் எழுத்து தங்கத்தையும் குறிக்கும், உலோகம் எதையும் குறிக்கும். நம் ‘பொன்’ என்ற பழைய சொல்லும் அப்படியே. இரும்பைக் கரும்பொன் என்றும், ஐந்து உலோகக் கலவையை ஐம்பொன் என்றும் சொல்லிவந்த மொழிக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை வெளியில் தேட வேண்டியதில்லை. மரம், நெருப்பு, மண், பொன், நீர் என்ற வரிசையில் ஒன்றைக்கூட மாற்றாமல் எழுதினால் வட்டங்கள் இரண்டும் தாமே சுழலும். மாணவர்கள் மனப்பாடம் செய்யவும் வேண்டாம்.

மருத்துவப் பகுதி என்பதால் மற்றொன்றையும் வேண்டுகிறேன். ஐந்நடைக் கோட்பாடு நோயாளியின் உடல்நிலையைப் பற்றிப் பேச ஒரு மருத்துவ மரபு வகுத்துக்கொண்ட மொழி. இதய மருத்துவர் குறித்துக் கொடுத்த தண்ணீர் அளவையோ, தொடர்ந்து உண்ணும் மாத்திரைகளையோ அதன் பெயரால் வாசகர்கள் தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது என்ற குறிப்பு ஒவ்வொரு பகுதியின் கீழும் கட்டாயம் இருக்க வேண்டும். தங்கள் நாளிதழைப் படிப்பவர்களில் வயதானவர்கள் பலர். அச்சில் வந்தது எதையும் அவர்கள் அப்படியே நம்புகிறார்கள்.

அடுத்த பகுதியில் அட்டவணையைத் திருத்தி மறுபடியும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நாத்தனார் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் பழைய அட்டவணை இன்னும் ஒட்டியிருக்கிறது. புதியது வந்ததும் கத்தரித்துக்கொண்டு போய், பழையதன் இடத்தில் நானே ஒட்டிவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.